திருவனந்தபுரத்தின் முதல் மக்களவை உறுப்பினர்: ஆனி மஸ்கரீனின் சட்டமன்ற வாழ்வு

திருவிதாங்கூர் வரலாற்றை எழுதியவர்கள் கழக்கூட்டத்தை முதன்முதலில் குறிப்பிடுவது எட்டுவீட்டில் பிள்ளைமாருள் ஒருவருடைய இருப்பிடமாகவே ஆகும். கழக்கூட்டம், செம்பழந்தி, குளத்தூர் என அடுத்தடுத்து அமைந்த ஊர்களின் பெயரால் அழைக்கப்பட்ட அந்த நாயர் பிரபுக்கள், வரி தண்டுவதிலும் கோயில் நிலங்களை ஆள்வதிலும் அரசனுக்கு நிகரான அதிகாரம் செலுத்தினர். 1729இல் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மா அவர்களை ஒடுக்கியபோது, அவர்களுடைய வீடுகள் இடிக்கப்பட்டு, அதிகாரம் முழுவதும் அரண்மனைக்குள் குவிந்தது. 1750இல் அவர் நாட்டையே பத்மநாப சுவாமிக்குக் காணிக்கையாக்கி, அரசர் இறைவனின் அடியவராக இருந்து ஆள்பவர் என்னும் கோட்பாட்டை நிறுவினார். பிற்காலத்தில் அந்த அதிகாரத்தின் நடைமுறைப் பகுதி திவானின் கைக்கு, அதாவது அரசரால் நியமிக்கப்பட்டு அவர் ஒருவருக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்ட தலைமை அமைச்சரின் கைக்கு மாறியது. பிரபுவிடமிருந்து அரசனுக்கும், அரசனிடமிருந்து திவானுக்கும் கைமாறிய அதிகாரம், வாக்களித்த மக்களின் பிரதிநிதிகளிடம் வந்து சேர்ந்த வரலாறு இருநூறு ஆண்டுக் கால நிகழ்ச்சி. அதன் கடைசிக் கட்டத்தைத் தன் வாழ்நாளுக்குள் முழுமையாகக் கண்டவரும், அதற்காகச் சிறை சென்றவரும், அதன் பயனாக அமைந்த முதல் மக்களவையில் திருவனந்தபுரத்தின் சார்பாக அமர்ந்தவருமான ஆனி மஸ்கரீனின் பொதுவாழ்வே இச்சொற்பொழிவின் பொருள்.

கழக்கூட்டம் இன்று திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கிய ஏழு சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்று. தொகுதிகளின் எல்லைகள் 1952க்குப் பின் பலமுறை மாற்றி வரையப்பட்டுள்ளன என்றாலும், தலைநகரின் பெயரால் அமைந்த இத்தொகுதியின் உறுப்பினர் வரிசை ஆனி மஸ்கரீனில்தான் தொடங்குகிறது. காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை இயங்கும் இவ்வூரில், தமிழறிந்த அவைக்கு அவருடைய வாழ்வை எடுத்துரைப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு: அவர் பணியாற்றிய இயக்கத்திலும், அவருக்குப் பின் அத்தொகுதியின் பிரதிநிதித்துவத்திலும் தமிழர் ஒருவருக்குப் பெரும் பங்கு இருந்தது. அதனைப் பின்னர் காணலாம்.

திருவிதாங்கூருக்குச் சட்டமன்றம் புதிதன்று. மூலம் திருநாள் மகாராஜாவின் காலத்தில், 1888இல், எட்டு உறுப்பினர்களைக் கொண்ட சட்டசபை ஒன்று அமைந்தது. இந்திய சமஸ்தானங்களுள் இத்தகைய அவை முதலில் தோன்றியது இங்கேதான். அதில் பெரும்பான்மையோர் அரசு அலுவலர்கள். தலைமை வகித்தவர் திவான். 1904இல் நூறு உறுப்பினர்களைக் கொண்ட ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடத் தொடங்கியது. ஆண்டுக்கு ஒருமுறை கூடிய அந்த அவையில் உறுப்பினர்கள் குறைகளை எடுத்துரைக்கலாம், கோரிக்கை வைக்கலாம். சட்டம் இயற்றவோ அரசைக் கட்டுப்படுத்தவோ இயலாது. ஆயினும் அதன் பயனைக் குறைத்து மதிப்பிடுவது தவறாகும். 1911இல் அந்த அவைக்கு நியமிக்கப்பட்ட, ஒடுக்கப்பட்டோரின் தலைவரான அய்யன்காளி, பள்ளிக்கூடத்தில் சேரவும் புதுவல் எனப்பட்ட அரசுத் தரிசு நிலத்தில் குடியிருக்கவும் தம் மக்களுக்கு உள்ள உரிமையை அரசின் செவியில் நேரடியாகப் போட்ட இடம் அதுவே. அந்த அவை கூடிய வி.ஜே.டி. மண்டபத்துக்கு 2019இல் அவர் பெயரே சூட்டப்பட்டது. 1922இல் மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸ் சட்டசபை உறுப்பினராக நியமிக்கப்பட்டதன் மூலம் பெண்ணொருவரும் திருவிதாங்கூரின் அவையில் இடம்பெற்றார். இந்தியாவின் பிற பகுதிகளோடு ஒப்பிட்டால் இவை முன்னேற்றமான நிகழ்ச்சிகள்தாம். ஆனால் வாக்குரிமை நிலவரியையும் சொத்தையும் சார்ந்திருந்தது. ஈழவர், கிறிஸ்தவர், இஸ்லாமியர் ஆகியோர் மக்கள் தொகைக்கேற்ற இடம் கிடைக்காமல் 1930களில் நிவர்த்தனக் கிளர்ச்சி நடத்தியது அதனால்தான். அவை எவ்வளவு விரிந்தாலும், எத்தனை பேர் தேர்ந்தெடுக்கப்பட்டாலும், திவானைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரம் மட்டும் அதற்கு வழங்கப்படவில்லை. ஆனி மஸ்கரீனின் தலைமுறை எதிர்த்துப் போராடியது இந்தக் குறையைத்தான்.

அவர் 1902 ஜூன் 6ஆம் நாள் திருவனந்தபுரத்தில் லத்தீன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் கேப்ரியல் மஸ்கரீன் திருவிதாங்கூர் அரசின் அலுவலர். மகாராஜா கல்லூரியில் வரலாற்றிலும் பொருளியலிலும் முதுகலைப் பட்டம் பெற்று, இலங்கைக்குச் சென்று ஆசிரியராகப் பணியாற்றித் திரும்பி, பின்னர் சட்டம் படித்தார். 1920களில் ஒரு பெண் இத்தனையும் கற்பதற்குத் திருவனந்தபுரத்தில் வாய்ப்பு இருந்தது என்பது அந்நகரத்துக்குப் பெருமை. கற்ற பின் அரசு வேலையும் அமைதியான இல்லமும் எளிதாக அமைந்திருக்கக்கூடிய ஒருவர் சிறையைத் தேர்ந்துகொண்டார் என்பது அவருடைய பெருமை.

1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தோன்றியது. பட்டம் தாணு பிள்ளை தலைவர், கே.டி. தாமஸும் பி.எஸ். நடராஜ பிள்ளையும் செயலாளர்கள். அவ்வியக்கத்தின் கோரிக்கை ஒரே சொல்லில் அடங்கியது: பொறுப்பாட்சி. ஆட்சி நடத்துவோர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவைக்குப் பதில் சொல்ல வேண்டும், அவையின் நம்பிக்கையை இழந்தால் பதவி விலக வேண்டும், அரசர் பெயரளவில் தலைவராக இருக்க வேண்டும் என்பதே அச்சொல்லின் பொருள். திவான் சர் சி.பி. ராமஸ்வாமி ஐயர் அதே கோரிக்கையில் தம் பதவியின் முடிவைக் கண்டார். கல்வியறிவும் நிர்வாகத் திறமும் மிக்க அவருடைய காலத்தில்தான் 1936 நவம்பர் 12ஆம் நாள் கோயில் நுழைவு அறிவிப்பு வெளியானது. 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதே திவானின் ஆட்சியில்தான் கூட்டங்கள் தடை செய்யப்பட்டன, நாளேடுகள் முடக்கப்பட்டன, 1938 ஆகஸ்டு இறுதியில் நெய்யாற்றின்கரையில் மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. நல்ல நிர்வாகத்தையும் கணக்குக் கேட்க முடியாத அதிகாரத்தையும் ஒரே மனிதரிடம் கண்ட மக்கள், முதலாவதற்காக இரண்டாவதைப் பொறுத்துக்கொள்ள மறுத்தனர். திருவிதாங்கூர் போராட்டத்தின் தனிச்சிறப்பு இதுவே எனலாம்.

ஸ்டேட் காங்கிரசில் சேர்ந்த முதல் பெண்களுள் ஒருவரான ஆனி மஸ்கரீன், அதன் செயற்குழுவில் இடம்பெற்றார். பரப்புரைப் பணியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காம்மா செறியான் 1938 அக்டோபர் 23ஆம் நாள் கவடியார் அரண்மனையை நோக்கிப் பெரும் ஊர்வலத்தை நடத்திச் சென்று புகழ்பெற்ற காலம் அது. அக்காம்மாவின் ஆற்றல் கூட்டத்தை வழிநடத்துவதில் வெளிப்பட்டதென்றால், ஆனியின் ஆற்றல் மேடைப் பேச்சில் வெளிப்பட்டது. அந்தப் பேச்சுகள் ஆட்சிக்கு ஆபத்தானவை என்று திவான் மகாராஜாவிடம் தெரிவிக்கும் அளவுக்கு அவை வலிமை பெற்றிருந்தன. அவர் போலீசாரின் தாக்குதலுக்கு ஆளானார். அவருடைய வீட்டுக்குள் புகுந்து உடைமைகள் களவாடப்பட்டன. 1939க்கும் 1947க்கும் இடையில் மீண்டும் மீண்டும் கைது செய்யப்பட்டுச் சிறைவாசம் அனுபவித்தார். தனித்து வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு அந்த ஆண்டுகள் எத்தகையவையாக இருந்திருக்கும் என்பதைத் திருவனந்தபுரத்தின் அக்காலச் சமூகத்தை அறிந்தவர்கள் எளிதில் உணர்வர்.

அவருடைய பேச்சு அவருக்கு எதிரிகளை மட்டுமன்றி, தம் தரப்பிலேயே கண்டனத்தையும் தேடித் தந்தது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் அவர் ஆற்றிய உரையின் செய்தியைப் படித்த காந்தி, அவருக்கு நாவடக்கம் இல்லை என்றும், அத்தகைய பேச்சு திருவிதாங்கூரின் ஏழை மக்களுக்கு நன்மை தராது என்றும், அது பெண்குலத்துக்கே தலைகுனிவு என்றும் கடுமையாக எழுதி, செய்தியின் படியைப் பட்டம் தாணு பிள்ளைக்கும் அனுப்பினார். இக்கடிதத்தை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர். கடந்து செல்லத்தக்கது அன்று அது. ஓர் இயக்கத்தின் பேச்சாளர் அளவறிந்து பேச வேண்டும் என்னும் அறிவுரை எவருக்கும் பொருந்தும். ஆனி மஸ்கரீனுக்கும் பொருந்தியிருக்கலாம். ஆனால் அதே மேடைகளில் அதைவிடச் சூடாகப் பேசிய ஆண் தலைவர்கள் எவரும் ஆண்குலத்துக்கு இழுக்குத் தேடியதாகக் கண்டிக்கப்படவில்லை. அக்கடிதத்தின் முதற்பகுதி இயக்கத்தின் மூத்தவர் இளையவருக்குக் கூறியது என்று ஏற்றுக்கொள்ளலாம். கடைசிப் பகுதி நியாயமற்றது. காந்தியின் கண்டனத்துக்குப் பிறகும் அவர் பேச்சைக் குறைத்துக்கொள்ளவில்லை, அப்போது காங்கிரசை விட்டு விலகவும் இல்லை.

அதே 1946இல்தான் திருவிதாங்கூருக்கும் அமெரிக்க அரசியலமைப்புக்கும் எதிர்பாராத தொடர்பு ஒன்று ஏற்பட்டது. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்து, இரு அவைகளைக் கொண்ட சட்டமன்றம் அமைக்கப்படும் என்றும், ஆனால் ஆட்சித்துறை அச்சட்டமன்றத்தால் நீக்க முடியாததாக, திவானின் தலைமையில் தொடரும் என்றும் சர் சி.பி. ஒரு திட்டத்தை அறிவித்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவரை அந்நாட்டின் சட்டமன்றமான காங்கிரஸ் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் நீக்க முடியாது என்பதை அவர் முன்னுதாரணமாகக் காட்டியதால் அத்திட்டம் அமெரிக்கன் மாடல் என்று பெயர் பெற்றது. அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில் என்னும் முழக்கம் ஆலப்புழையின் கயிற்றுத் தொழிலாளர்களிடமிருந்து நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அமெரிக்க முறையை மக்கள் வெறுத்தனர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. 1789இல் நியூயார்க்கில் கூடிய முதல் அமெரிக்கக் காங்கிரஸ், அதாவது மக்களின் பிரதிநிதிகள் அடங்கிய கீழவையும் செனட்டும் சேர்ந்த சட்டமன்றம், குடியரசுத் தலைவரை நீக்க இயலாதது போலத் தோன்றினாலும், வரி விதிப்பதும் செலவுக்கு ஒப்புதல் தருவதும் அதன் கையிலேயே இருந்தன. கடுங்குற்றம் புரிந்தவரைக் குற்றஞ்சாட்டி விசாரித்து நீக்கும் வழியும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அத்தலைவர் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்தித்தாக வேண்டும். 1787இல் பிலடெல்பியாவில் அரசியலமைப்பை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான ஜேம்ஸ் மேடிசன், முதல் காங்கிரசின் கீழவைக்கு வர்ஜீனியாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, தாமே உருவாக்க உதவிய அரசின் நிதியமைச்சர் ஹாமில்டனின் வங்கித் திட்டத்தை 1791இல் அவையில் எதிர்த்து நின்றார். ஆட்சியைக் கவிழ்க்க முடியாத அவையிலும் ஆட்சியைக் கேள்வி கேட்க முடியும் என்பதற்கு அது சான்று. திவான் எந்தத் தேர்தலையும் சந்தித்தவர் அல்லர். சந்திக்கப் போகிறவரும் அல்லர். அமெரிக்கக் கட்டடத்தின் கூரையை மட்டும் எடுத்துவந்து, அதைத் தாங்கிய தூண்களை அங்கேயே விட்டுவிட்ட திட்டம் அது என்பதைத் திருவிதாங்கூர் மக்கள் சரியாகவே கண்டுகொண்டனர்.

அதன் பின் நிகழ்ச்சிகள் விரைந்தன. 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று திவான் அறிவித்தார். ஜூலை 25ஆம் நாள் அவர் வெட்டுக் காயமடைந்தார். சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. திவான் நாட்டை விட்டுச் சென்றார். செப்டம்பரில் பொறுப்பாட்சி அறிவிக்கப்பட்டது. 1948 தொடக்கத்தில் வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த தேர்தல் திருவிதாங்கூரில் நடந்தது. இந்தியா முழுவதும் அத்தகைய தேர்தலைக் காண்பதற்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு அது நடந்துவிட்டது என்பது போதுமான அளவு நினைவுகூரப்படாத செய்தி. அத்தேர்தலில் ஸ்டேட் காங்கிரஸ் பெரும்பான்மை பெற்றது. தெற்குத் தாலுகாக்களில், அங்குள்ள தமிழர்களின் கட்சியான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களை வென்றது. ஆனி மஸ்கரீன் சட்டமன்ற உறுப்பினரானார்.

அவ்வாண்டு இறுதியில் அவர் இந்திய அரசியல் நிர்ணய சபைக்கும் சென்றார். அரசியல் நிர்ணய சபை என்பது அரசியலமைப்பை எழுதுவதற்காக 1946 டிசம்பரில் கூடத் தொடங்கிய அவை; சமஸ்தானங்களின் பிரதிநிதிகள் தத்தம் சமஸ்தானம் இணைந்த பிறகு படிப்படியாக அதில் சேர்ந்தனர். அமெரிக்காவில் அரசியலமைப்பை எழுதிய மாநாடும் அதன்படி கூடிய காங்கிரசும் வெவ்வேறு அவைகளாக இருந்தன. இந்தியாவில் அதே அவை ஒரு புறம் அரசியலமைப்பை எழுதியது, மறுபுறம் நாடாளுமன்றமாகச் சட்டங்களை இயற்றியது, 1952 தேர்தல் வரை தற்காலிக நாடாளுமன்றமாகவும் நீடித்தது. அதில் இடம்பெற்ற பெண்கள் பதினைந்து பேர். மலையாள நாட்டைச் சேர்ந்தவர்கள் மூவர்: அம்மு சுவாமிநாதன், தாட்சாயணி வேலாயுதன், ஆனி மஸ்கரீன். முன்னிருவரும் சென்னை மாகாணத்தின் சார்பில் சென்றவர்கள். திருவிதாங்கூரின் சார்பில் சென்ற பெண் ஆனி ஒருவரே. அமெரிக்கக் காங்கிரசில் முதல் பெண்ணாக மொண்டானாவின் ஜெனட் ராங்கின் அமர்ந்தது 1917இல், அதாவது முதல் காங்கிரஸ் கூடி 128 ஆண்டுகள் கழிந்த பின்பு. இந்தியக் குடியரசின் அடித்தளத்தைப் பெண்களும் சேர்ந்தே இட்டனர்.

அச்சபையில் ஆனி மஸ்கரீன் பெரிதும் கவனம் செலுத்தியது கூட்டாட்சி பற்றிய விவாதத்தில். மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையே அதிகாரத்தைப் பகிரும் முறையே கூட்டாட்சி. பிரிவினையின் குருதி காயாத அந்நாட்களில் வலிமையான மத்திய அரசு தேவை என்பதை அவர் மறுக்கவில்லை. அதே வேளையில், அதிகாரம் தலைநகரில் குவிந்துகொண்டே போவது மக்களாட்சிக்கு நலம் தராது என்றும், உள்ளூர் மக்களின் தன்னாட்சி காக்கப்பட வேண்டும் என்றும் கருதினார். திவான் கையில் குவிந்த அதிகாரத்தைப் பத்தாண்டுக் காலம் எதிர்த்தவர் இவ்வாறு எண்ணியது இயல்பே. சமஸ்தானத்து மக்கள் தம் அரசர்களின் அதிகாரத்தைத் தில்லிக்கு மாற்றிக் கொடுப்பதற்காகவா போராடினர் என்னும் வினா, திருவிதாங்கூர்ப் பிரதிநிதிகளின் மனத்தில் இருந்திருக்கும்.

1949 ஜூலை 1ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து ஒரே மாநிலமாயின. பறவூர் டி.கே. நாராயண பிள்ளையின் அமைச்சரவையில் ஆனி மஸ்கரீன் மருத்துவத் துறைக்கும் மின்துறைக்கும் பொறுப்பேற்று 1950 வரை பணியாற்றினார். அமைச்சர் பதவி அவருடைய வாழ்வில் குறுகிய அத்தியாயம். மாநிலக் காங்கிரஸ் உட்பூசலால் சிதைந்துகொண்டிருந்த காலம் அது. போராட்டத்தில் ஒன்றாக நின்ற பட்டம் தாணு பிள்ளை, 1948 மார்ச்சில் அமைத்த அமைச்சரவை ஏழே மாதங்களில் சொந்தக் கட்சியினரின் எதிர்ப்பால் கவிழ்ந்து, அவர் சோஷலிஸ்டுகளின் பக்கம் சென்றிருந்தார். பொறுப்பாட்சி கேட்டவர்களே பொறுப்போடு ஆளத் தெரியாதவர்கள் என்ற ஏமாற்றம் மக்களிடையே வளர்ந்தது. அந்த ஏமாற்றத்தின் வெளிப்பாடாகவே 1952 தேர்தலின் முடிவைக் காண வேண்டும்.

1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்த முதல் பொதுத் தேர்தலில் ஆனி மஸ்கரீன் திருவனந்தபுரம் தொகுதியில் சுயேச்சையாக, அதாவது எந்தக் கட்சியின் வேட்பாளராகவும் அன்றித் தனித்துப் போட்டியிட்டார். அத்தேர்தலின் வாக்களிப்பு முறை இன்றைய தலைமுறைக்குப் புதுமையாகத் தோன்றும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டது. பெட்டியின் மீது அவருடைய சின்னம் ஒட்டப்பட்டிருந்தது. வாக்காளர் தம் சீட்டில் எந்தக் குறியும் இடாமல் விரும்பியவரின் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். வடஇந்தியாவின் பல பகுதிகளில் பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்துகொண்டதால் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்ட தேர்தலும் அதுவே. அத்தகைய தேர்தலில், கட்சியின் சின்னமும் நேருவின் பெயரும் துணையில்லாமல், மணமாகாத ஒரு கத்தோலிக்கப் பெண் தலைநகர்த் தொகுதியில் காங்கிரசைத் தோற்கடித்து மக்களவைக்குச் சென்றார். இன்றைய கேரளத்தின் பகுதிகளிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவரே. அந்த மக்களவையில் சுயேச்சைகள் 37 பேர் இருந்தனர். பக்கத்துத் தொகுதியான நாகர்கோவிலிலிருந்து திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் நேசமணியும் காங்கிரசை வென்று அதே அவையில் அமர்ந்தார். திருவிதாங்கூரின் தென்கோடி முழுவதும் ஆளுங்கட்சியைத் தில்லிக்கு அனுப்ப மறுத்துவிட்டது.

அவர் உறுப்பினராக இருந்த ஐந்தாண்டுகளில் அவருடைய மாநிலத்தில் அமைச்சரவைகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தன. ஏ.ஜே. ஜான், மீண்டும் பட்டம் தாணு பிள்ளை, பனம்பிள்ளி கோவிந்த மேனன் என மூவர் முதலமைச்சர்களாகி, 1956 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 1954 ஆகஸ்டு 11ஆம் நாள், தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரியவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. நெய்யாற்றின்கரைத் துப்பாக்கிச் சூட்டை எதிர்த்து வளர்ந்த இயக்கத்தின் முதல் தலைவரே அப்போது முதலமைச்சர் நாற்காலியில் இருந்தார் என்பதும், அந்த அமைச்சரவையில் நிதித்துறையை வகித்தவர் தமிழரான பி.எஸ். நடராஜ பிள்ளை என்பதும் இந்த வரலாற்றின் மிகத் துயரமான பக்கம். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழகத்துடன் சேர, கேரளம் உருவானது. 1957 தேர்தலில் ஆனி மஸ்கரீன் தோற்றார். வழக்கறிஞர் எஸ். ஈசுவர ஐயர் சுயேச்சையாக நின்று வென்றார்.

இங்கே நடராஜ பிள்ளையைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுவது தமிழ் அவைக்குப் பொருந்தும். 1891ஆம் ஆண்டு தமிழுக்கு மனோன்மணீயம் நாடகத்தையும், பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் இல்லத்துக்கு இம்மகனையும் தந்தது. ஆறு வயதிலேயே தந்தையை இழந்த நடராஜ பிள்ளை, பத்திரிகையாளராகப் பொதுவாழ்வில் நுழைந்து, 1938இல் ஸ்டேட் காங்கிரசின் செயலாளராகி, ஆனி மஸ்கரீனுடன் ஒரே இயக்கத்தில் உழைத்து, அவருடன் அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினராக இருந்தவர். தந்தையார் தம் ஆசிரியர் ஹார்வியின் நினைவாக ஹார்விபுரம் என்று பெயரிட்ட பேரூர்க்கடைச் சொத்து, போராட்டத்தில் ஈடுபட்டதற்காக அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. நிதியமைச்சராக இருந்தபோது அவர் கொண்டுவந்த நிலச் சீர்திருத்த மசோதாக்கள், குடியானவருக்கு நிலத்தில் உரிமை வழங்கும் முயற்சியில் கேரளத்துக்கு முன்னோடியாக அமைந்தன. அவையே நிலவுடைமையாளர்களின் எதிர்ப்பைத் தூண்டி, 1955 பிப்ரவரியில் அந்த அமைச்சரவை கவிழ்வதற்கான காரணங்களுள் ஒன்றாகவும் ஆயின. 1962இல் அவரும் திருவனந்தபுரத்தில் சுயேச்சையாகவே நின்று மக்களவைக்குச் சென்று, 1966 ஜனவரியில் உறுப்பினராக இருக்கும்போதே மறைந்தார். இக்கழக்கூட்டத்தை அடுத்த தும்பையில் மீனவர்களின் குடியிருப்புகளும் மரிய மகதலேனாள் ஆலயமும் விண்வெளி ஆய்வுக்காகக் கையளிக்கப்பட்டு, 1963 நவம்பர் 21ஆம் நாள் முதல் ஏவூர்தி பறந்தபோது தலைநகர்த் தொகுதியின் உறுப்பினர் அவரே. ஆனி மஸ்கரீன் அதனைக் காணவில்லை. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், ஜூலை 19ஆம் நாள் காலமானார். தம் இடத்தையும் ஆலயத்தையும் நாட்டுக்கு விட்டுக்கொடுத்த அந்தக் கடற்கரை மக்கள் அவர் பிறந்த லத்தீன் கத்தோலிக்கச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள்.

1967இல் சோஷலிஸ்டான பி. விஸ்வம்பரன் வென்றார், 1971இல் வி.கே. கிருஷ்ண மேனன் சுயேச்சையாக வென்றார். ஆக, முதல் ஐந்து பொதுத் தேர்தல்களுள் நான்கில் தலைநகரத்து மக்கள் சுயேச்சைகளையே தேர்ந்தெடுத்தனர். அவர்களுள் சிலருக்குக் கட்சிகளின் ஆதரவு இருந்தது என்பது உண்மை. ஆயினும் கட்சியின் கொறடாவுக்கு, அதாவது அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று ஆணையிடும் கட்சி அலுவலருக்குக் கட்டுப்படாத ஒருவரை அனுப்ப அம்மக்கள் அஞ்சவில்லை. 1985இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாம் அட்டவணை, கட்சி ஆணைக்கு மாறாக வாக்களிக்கும் உறுப்பினரும், தேர்தலுக்குப் பின் கட்சியில் சேரும் சுயேச்சையும் பதவி இழப்பர் என்று விதித்தது. பதவிக்காகக் கட்சி தாவுவதைத் தடுக்க அது தேவைப்பட்டது. ஆனால் மனச்சான்றின்படி எழுந்து பேசும் உறுப்பினரையும், விலைக்குப் போகும் உறுப்பினரையும் அது ஒரே தட்டில் நிறுத்துகிறது. ஆனி மஸ்கரீன் ஒரு கட்சியின் உறுப்பினராக இருந்து, அக்கட்சியின் அரசை அவையிலேயே எதிர்த்து வாக்களிக்கும் நிலை இன்று வந்திருந்தால் அவர் உறுப்பினர் பதவியை இழந்திருப்பார். ஆட்சி அவைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகப் போராடிப் பெற்ற பொறுப்பாட்சியில், அவையின் பெரும்பான்மை ஆட்சியின் சொற்படி கையுயர்த்தும் நிலை ஏற்பட்டிருப்பது கவலைக்குரியது. அவருடைய வாழ்வை இன்று படிப்பதன் பயன் இந்தக் கவலையைக் கூர்மையாக்குவதில்தான் இருக்கிறது.

அவருக்குத் திருவனந்தபுரம் வழுதக்காட்டில் சிலை எழுப்பப்பட்டு, 2013இல் குடியரசுத் துணைத் தலைவர் ஹமீத் அன்சாரி அதனைத் திறந்து வைத்தார். இத்தொகுதியில் 1957 முதல் 2024 வரை நடந்த மக்களவைத் தேர்தல்களில் பெண் எவரும் வெற்றி பெறவில்லை.